நரைமுடி இலவசம்

போன் ஜன்னல் திட்டில் சாய்ந்து நிற்கிறது, அதில் அவன் கேட்டது அப்படியே நிற்கிறது, என் இரண்டு கையும் கறுப்பு. கையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவர் எப்போதோ கிழிந்துவிட்டது, டை விரலிடுக்கில் இறங்கி நகக்கண் வரைக்கும் போயிருக்கிறது, இந்தக் கையோடு திரையைத் தொட்டால் போன் நாசம், வேறு போன் வாங்கித் தர இங்கே ஆளில்லை. அதனால் படிக்க மட்டும்தான் முடிகிறது. திரும்பத் திரும்ப அதையே படிக்கிறேன். "அம்மா, இன்னைக்கு சாயங்காலம் பொண்ணு வீட்ல இருந்து கூப்பிடுவாங்க. நம்ம பக்கம் பொம்பளை ஆளு யாராச்சும் ஒரு வார்த்தை பேசணுமாம். நீங்க பேசுங்கம்மா. நான் கான்ஃபரன்ஸ்ல போடுறேன்." அம்மா என்று அவன் கூப்பிடுவது என்னை. எனக்குப் பதினேழு வயது. எனக்கு எதிரில் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து, தோளில் பழைய நைட்டியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தைக் குனிந்திருப்பது என் அம்மா, அசல் அம்மா, அவள் தலைக்குத்தான் டை அடித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய பழைய டூத் பிரஷ்ஷால். வகிடு எடுத்து, பூசி, அடுத்த வகிடு எடுத்து, பூசி. "காதுல படுது பாருடி" என்கிறாள். "அசையாம இரும்மா" என்கிறேன். அசையாமல் இருக்க அவளால் முடியாது. கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பனியன் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், உட்கார வைத்தால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் தலை ஆடுகிறது, தலை ஆடினால் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு. துடைக்கிறேன். துடைத்தால் கோடு பட்டையாகிறது. நீங்க பேசுங்கம்மா. என்னவென்று பேசுவது.

இதைக் கேட்கிற தாமோதரன் யாரென்றால், எனக்குத் தெரிந்த வரைக்கும் நீல முடி, முதுகில் இரண்டு இறக்கை, நடந்தால் பொறி பறக்கிற ஒரு ஷூ. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், சவுதியில் தண்ணி லாரி ஓட்டுகிறான், அவன் அம்மா இறந்து நாளாகிவிட்டது, அப்பாவுக்குக் காது கேட்காது, இதெல்லாம் அவன் டைப் பண்ணினது. முகம் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த நான் வெள்ளைக் கொண்டை, மூக்குக் கண்ணாடி, பருத்த இடுப்பு. நாங்கள் பழகுகிற போன் ஆப்புக்கு வாயில் நுழையாத ஒரு பேர் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் ஊர் என்றுதான் சொல்வோம், ஊருக்கு வர்றியா, ஊர்ல யாரு இருக்கா, இப்படி. உள்ளே போனதும் ஒரு பொம்மை உடம்பு கொடுப்பார்கள். அதற்கு முடி, சட்டை, நடை, சிரிப்பு எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும், முத்து என்று அந்த ஊர்க் காசு. நல்ல முடிக்கு முத்து. ஒயிலாக நடக்க முத்து. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக்கூட முத்து. என்னிடம் ஒன்றும் கிடையாது, இலவசம் என்று போட்டிருந்த வரிசையைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன், மொட்டைத் தலை வந்தது, அதற்கு அடுத்து நரைமுடிக் கொண்டை. யாரும் தொடாத சாமான். மொட்டைக்கு நரை தேவலை என்று அமுக்கினேன். நெட் வேறு சுற்றிக்கொண்டே இருந்தது, எனக்குப் பொறுமை கிடையாது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஏற்ற மாதிரி உடம்பும் கண்ணாடியும் தானாகவே சேர்ந்து வந்தன, அதுவும் இலவசம். தமிழ் ஆள்கள் கூடுகிற ரூம் ஒன்று, சொந்தபந்தம் என்று பேர், அதற்குள் போய் நின்றேன். இறக்கை, வாள், புலிக்குட்டி, உடம்பெல்லாம் மினுங்குகிற பச்சை, எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன், "டேய் பெரியம்மா வந்திருக்காங்க, எந்திரிங்கடா" என்றான். எழுந்தார்கள். நிஜமாகவே எழுந்தார்கள். கெட்ட வார்த்தை டைப் பண்ணிக்கொண்டிருந்தவன் அதை அழித்தான். "நேரத்துக்குச் சாப்புட்டியா, இல்ல இதையே கட்டிட்டு அழுகறியா" என்று அடித்தேன், வாசலில் நுழைந்ததும் அம்மா என்னிடம் கேட்கிறது அது, அப்படியே. சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளாகக் கொட்டியது. "அப்படியே எங்கம்மா மாதிரி" என்று நாலைந்து பேர். அதற்கப்புறம் திட்டினேன், அவ்வளவுதான் என் வேலை, அம்மா என்னைத் திட்டுவதையெல்லாம் எடுத்து அவர்களைத் திட்டினேன், எருமை, உனக்கெல்லாம் எவ கழுத்த நீட்டுவா, கண்ணு அவிஞ்சு போகும் தூங்குடா. கேட்டுக்கொண்டார்கள். சரிங்க பெரியம்மா என்று போய்ப் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதே வாயைத்தான் அடக்கு அடக்கு என்றார்கள்.

"அடியில விட்டுட்ட பாரு, பின்கழுத்துல" என்கிறாள் அம்மா. "பாக்காமயே எப்படிம்மா தெரியுது?" "குளுகுளுன்னு இல்லியே, அங்க மட்டும்." சரிதான், அங்கே வெள்ளை. அம்மாவுக்குப் பின்கழுத்தில் முடி குட்டையாக, குழந்தைக்கு இருக்கிற மாதிரி மெத்தென்று இருக்கிறது, அது எல்லாமே வெள்ளை, பிரஷ்ஷில் சிக்காமல் சிக்காமல் நழுவுகிறது. நாளைக்குப் புதுக் கம்பெனி. பழைய கம்பெனியில் ஆர்டர் குறைவு என்று நிறுத்தினார்கள், நிறுத்தினதெல்லாம் நரைத்த தலையாகப் பார்த்து நிறுத்தினார்கள், கண்ணு பத்தலை, பீஸில் ஓட்டை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. அம்மா ஓட்டை விடுகிற ஆள் இல்லை. என் சுடிதாரில் நான் பார்க்காத ஓட்டையை நடுரோட்டில் பார்த்துச் சொல்வாள். ஆனால் புதுக் கம்பெனி இன்சார்ஜ் கேட்டில் வரிசையாக நிறுத்தி முதலில் பார்ப்பது தலையைத்தான் என்று பக்கத்து லைன் வீட்டு அக்கா சொன்னாள். அதனால் டை. என்னையும் எடுக்க மாட்டார்கள், பதினெட்டு ஆகவில்லை. பள்ளிக்கூடமும் கிடையாது, ப்ளஸ் ஒன் முடித்ததோடு நின்றுவிட்டேன், ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அலுத்துவிட்டது, உட்கார முடியவில்லை, அதுதான் காரணம், ஒருத்தர் நின்று பேச நாற்பது பேர் உட்கார்ந்து கேட்பது என்னால் முடியவில்லை. மத்தியானம் இந்தத் தெருவில் நான், நாய், தண்ணித் தொட்டி. யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. கடைக்குப் போய் வருவாயா என்பதைத் தவிர. திரையில் என் பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அதன் தலைக்கு மேல் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் தாமோதரன் அம்மா. எதிரே அவன் பொம்மை, இறக்கை மெதுவாக அசைகிறது, மூச்சு விடுவது போல. பதிலுக்கு நிற்கிறான். டை வாடை மூக்கில் ஏறுகிறது. பேசுங்கம்மா.

அம்மாவாக நிற்பது அங்கே ஒரு வேலையாகவே ஆகிப்போனது. நான் கேட்டு வாங்கவில்லை. அந்த ஊரைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, கல்யாணத்துக்கு மோதிரம் வைத்திருக்கிறார்கள், கேக் வைத்திருக்கிறார்கள், மேலேயிருந்து பூ விழ வைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் பட்டனை அமுக்கினால் கல்யாணம் முடிந்தது. அம்மா அப்பா வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நம் ஆள்களுக்கு அது ஒப்பவில்லை. வாலும் கொம்பும் வைத்த ஒரு பெண், நெருப்புத் தலையோடு ஒரு பையன், இரண்டு பேரும் மேடையில் நிற்கிறார்கள், பக்கத்தில் காலி. "என்னடா அனாதைக் கல்யாணம் மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள், கல்யாணப் பெண்ணே சொன்னாள். அங்கே எல்லாருக்கும் பதினெட்டு வயசு, எல்லாருக்கும் ஒட்டின வயிறு, கிழவியாக இருக்க முத்து கொடுத்தாலும் ஒருத்தி வரமாட்டாள். நான் மட்டும்தான் கொண்டை. "பெரியம்மா, எனக்கு அம்மாவா நில்லுங்களேன்." நின்றேன். அடுத்த வாரம் இன்னொருத்தி. அப்புறம் பையன் வீட்டு அம்மாவாக. ஒரே கல்யாணத்தில் இரண்டு பக்கமும் கூப்பிட்டுச் சண்டை நடந்தது, "பெரியம்மா எங்க சைடு, போன வாரமே சொல்லி வெச்சாச்சு", "அதெல்லாம் செல்லாது, அவங்க என் அண்ணனுக்கு அம்மா". வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், வளையல், விசிறி, தூண் வைத்த வீடு என்று ஏதாவது கையில் வைப்பார்கள், வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும் என்று வைப்பார்கள். காலில் விழுகிற அசைவு ஒன்று உண்டு, உண்மையில் அது நீச்சல் குளத்தில் குதிக்க விற்கிறது, பாதியில் நிறுத்தினால் விழுந்து கும்பிடுகிற மாதிரி இருக்கும், அதை யாரோ கண்டுபிடித்து எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். என் காலடியில் தரையில் முங்கி முங்கி எழுந்தார்கள். தாமோதரனும் அப்படித்தான் வந்தான். மின்மினி என்று ஒருத்தியோடு அவனுக்குக் கல்யாணம், நான் அம்மா. கல்யாணம் ஒரு வாரம் தாங்கியது, மின்மினி வேறு ரூமுக்குப் போய்விட்டாள். என் தலைக்கு மேல் எழுதினது மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டான். அதிலிருந்து தினமும் வருவான், இறக்கையை மடக்கி எதிரில் உட்காருவான், இன்னைக்கு லோடு இல்லம்மா, இன்னைக்கு காத்தும்மா, மண்ணு கண்ணுல அடிக்குதும்மா. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தொலைய வேண்டியதுதானே என்பேன். போட்டுக்கிறேம்மா என்பான். நிஜமாகவே வாங்கினேன் என்று ஒருநாள் சொன்னான். எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. யாரோ என் பேச்சை எடுத்துப் பாலைவனத்தில் கண்ணில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறான் என்று இருந்தது.

டிங் என்கிறது. "அம்மா இருக்கீங்களா?" இருக்கிறேன், எங்கே போவேன். "அந்தக் கழுதை யாருடி, அடிச்சுட்டே இருக்கறான்" என்கிறாள் அம்மா தலையைத் தூக்காமல். அம்மா அப்படித்தான், ஆணா பெண்ணா தெரியாமலே அவன் என்பாள், அது சரியாகவும் இருக்கும். "ஒருத்தர்" என்றேன். "எந்த ஒருத்தர்?" "அறந்தாங்கிக்காரரு. சவுதில இருக்காரு. அவருக்குக் கல்யாணம் பேசறாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட பேசறதுக்கு வீட்ல பொம்பளை ஆளு இல்லியாம்." இவ்வளவு சொல்லலாம் என்று நினைத்துச் சொன்னேன், சொன்ன பிறகு இது இவளிடம் சொல்லக்கூடாத ஒன்று என்று தெரிந்தது, ஏனென்றால் அம்மாவின் தோள் நிமிர்ந்தது. டை வழிந்து புருவத்துக்கு வந்தது. "அதுக்கென்ன, நான் பேசறேன். பேர் என்ன, எந்தக் கூட்டம், எவ்வளவு படிச்சிருக்கான்?" "அம்மா, நீ யாரும்மா பேசறதுக்கு?" "ஏன், எனக்கு வாயில்லையா? ஒரு புள்ளைக்கு நல்லது நடக்குதுன்னா யாரா இருந்தா என்ன. பெரியம்மான்னு சொல்லிக்கறேன், போ." பெரியம்மா என்று சொல்லிக்கொள்கிறாளாம். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். இது நடக்கும். இது மிக எளிதாக நடக்கும். அவன் எண்ணைக் கொடுப்பான், கான்ஃபரன்ஸ் போடுவான், அம்மா பேசுவாள், வயசுக்கு ஏற்ற குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல், நான் பேசுவதெல்லாம் ஏற்கெனவே அவள் பேச்சுத்தான், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. எத்தனை தடவை வாய்ஸ்ல வாங்க பெரியம்மா என்று ரூமில் கேட்டிருப்பார்கள், தொண்டை சரியில்லை, மைக் கெட்டுப்போச்சு, பக்கத்துல ஆள் இருக்கு, என்னென்னவோ சொல்லித் தப்பித்தேன், என் குரல் எப்படிப்பட்டதென்றால் போனில் பேசினால் கடைக்காரர் தம்பி என்கிறார். இங்கே பக்கெட் மேல் ஒரு முழு அம்மா கறுப்பு வழிய உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் போதும். கேட்காமலே வருகிறாள்.

"அவனுக்குச் சித்தி, அத்தை ஒருத்தியும் இல்லையா? எங்கியோ கோளாறு இருக்குது" என்கிறாள் அம்மா, அதுவும் அவளேதான், ஒரு மூச்சில் உதவி, அடுத்த மூச்சில் சந்தேகம். அத்தை ஒருத்தி உண்டு, நிலத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லை, அதுவும் டைப் பண்ணியிருக்கிறான். அம்மா பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண்ணின் அம்மா கேட்பாள், நம்ம பையன் குணம் எப்படிங்க. தங்கமுங்க என்பாள் அம்மா. அவனைக் கண்ணால் கூடப் பார்க்காமல் தங்கம் என்பாள், ஏனென்றால் கல்யாணப் பேச்சில் அப்படித்தான் சொல்வது. கல்யாணத்துக்கு நீங்க முன்னாடியே வந்துடணும் சம்பந்தி. வர்றோமுங்க. அப்புறம்? அப்புறம் அறந்தாங்கியில் நிஜமான மண்டபம், நிஜமான மேடை, பக்கத்தில் யார் நிற்பது. அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதா. கொண்டை போட்டு நான் போவதா. போனுக்குள் இருக்கிற ஊரில் கல்யாணம் ஒரு வாரம், பட்டனை அமுக்கினால் முடிந்தது, மின்மினி இன்னொரு ரூமில் இன்னொரு வாலோடு நன்றாகத்தான் இருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு அப்படிப் பட்டன் கிடையாது. அவளைப் பற்றி அவன் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறான், நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருக்கு, கொஞ்சம் பயந்த சுபாவமாம். பயந்த சுபாவம் என்று யார் சொன்னார்கள், அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு பெண் வீட்டில் பொம்பளை ஆள் பேசணும் என்று ஏன் கேட்கிறார்கள். காது கேட்காத மாமனார், கடல் தாண்டி புருஷன், அந்த வீட்டில் இவள் தனியாக இருக்க வேண்டும், வயிறு வலித்தால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அதைத்தான் கேட்கிறார்கள், வேறு என்ன. அதற்கு வெறும் குரலைக் கொடுத்து, ஆள் இருக்கிறது என்று சொல்வதா. அவள் வந்து வீடெல்லாம் தேடுவாள். சமையலறையில் பார்ப்பாள். போனில் பேசினவங்க எங்கே என்று காது கேட்காத ஆளிடம் கத்திக் கேட்பாள். இதை நினைத்ததும் எனக்கு அந்தப் பெண் மேல் பாவம் எல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இவன் மேல். அப்புறம் கொஞ்சம் என் மேல். அப்புறம் மறுபடி இவன் மேல். எவனாவது பொம்மையைக் கூப்பிட்டுப் பெண் பேசச் சொல்வானா. ஆனால் அவனுக்கு அது பொம்மை இல்லை, கண்ணாடி வாங்கச் சொன்ன ஆள். எனக்கும் அங்கே உட்கார்ந்திருக்கிறது பொம்மை என்று முழுசாகச் சொல்லிவிட முடியவில்லை. தலைக்கு மேல் இருக்கிற எழுத்தைத் தினம் ஒருதரம் பார்க்காமல் நான் போனை வைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் அது போய்விடும். ரூமுக்கும் தெரிந்துவிடும், இவன் சொல்லாமலா இருப்பான். மறுபடி நான், நாய், தண்ணித் தொட்டி.

டிங். டிங். "அம்மா, இப்பவே கூப்பிட்டுட்டாங்க." "லைன்ல இருக்காங்க. அப்பா எடுத்துட்டாரு, அவருக்கு ஒண்ணும் கேக்கல." "அம்மா என்ன சொல்ல." பொம்மை இறக்கையை விரித்துவிட்டது, பதற்றத்தில் கை பட்டிருக்கும். இன்னும் உச்சந்தலையில் ஒரு வகிடு பாக்கி. கை கழுவப் போனால் டை போகத் தேய்க்க வேண்டும், சோப்பு எங்கே என்று தெரியாது, அதற்குள் அவனாகவே ஏதாவது சொல்லித் தொலைப்பான், எங்கம்மா ஊருக்குப் போயிருக்காங்க, நாளைக்குப் பேசுவாங்க என்று சொல்வான், சொல்லிவிட்டால் அப்புறம் அதை எடுக்க முடியாது, நாளைக்கு ஒரு அம்மா வந்தே ஆக வேண்டும். அம்மா அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறாள், "குடு இங்க, என்னத்தையோ முழிச்சுட்டு நிக்கற, குடு நான் பேசறேன்." நெற்றியில் கறுப்புப் பட்டை, காதில் கறுப்பு, அந்தக் கையை நீட்டிக்கொண்டு, அவ்வளவு தயாராக. கொடுத்துவிடலாம் என்று ஒரு நொடி, ஒரு முழு நொடி, தோன்றியது. முழங்கையை மடக்கி, அவனுக்கு மட்டும் போகிற மைக் பட்டன் மேல் வைத்தேன். முதல் தடவை தவறி, பொம்மை கைதட்டியது. இரண்டாம் தடவை சிவப்புப் புள்ளி வந்தது. குனிந்து போன் கிட்டே வாயை வைத்துப் பேசினேன். "இங்க பாருங்க, நான்தான் பேசறேன். எனக்குப் பதினேழு வயசு. நான் அம்மா கிடையாது, பெரியம்மாவும் கிடையாது, அந்தக் கொண்டை சும்மா குடுத்தாங்க, அதான் எடுத்தேன். உங்கள நான் திட்டுனதெல்லாம் எங்கம்மா என்னையத் திட்டறது. கையெல்லாம் டையா இருக்குது, டைப் பண்ண முடியல, அதனால பேசறேன். அவங்க கிட்ட பொய்யொண்ணும் சொல்லாதீங்க. எங்க வீட்ல பொம்பளை யாரும் இல்ல, அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லுங்க. இல்லாததுதான, இல்லைன்னு சொல்றதுக்கு என்ன. அந்தப் புள்ள வந்து தேடுமில்ல. அவ்வளவுதான். வெச்சர்றேன்." மறுபடி முழங்கை. போய்விட்டது. பேசி முடித்த பிறகுதான் என் குரல் நடுங்கியிருக்கும் என்று தோன்றியது, நடுங்கியதா இல்லையா தெரியவில்லை, திருப்பிப் போட்டுக் கேட்கக் கையில்லை.

அம்மா நீட்டின கையை நீட்டினபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "பதினேழுன்னு எதுக்குடி சொல்ற? வர்ற மாசம் பதினெட்டு ஆகப்போகுது" என்றாள். நீட்டின கையை மடக்கிக்கொண்டு, "நான் திட்டறத எல்லாம் கொண்டு போயி எவன் கிட்டயோ திட்டினியா?" "ஆமா." "எதெது?" "எல்லாந்தான். எருமை, கண்ணு அவிஞ்சு போகும், அதெல்லாம்." "அவன் கோவிச்சுக்கலையா?" "இல்ல. சரிம்மான்னான்." அம்மா இதை என்னவோ பீஸைத் திருப்புகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். "நீ ஒருநாளாச்சும் சரிம்மான்னு சொல்லியிருக்கியா" என்றாள், கோபமில்லாமல்தான், நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறவள் போல. திரையில் என் வாய்ஸுக்குப் பக்கத்தில் காது மாதிரி ஒரு குறி வந்தது, கேட்டுவிட்டான். இறக்கை அசைவது நின்றது. பொம்மை இரண்டு மூன்று தடவை மங்கி மங்கித் தெரிந்தது, அப்புறம் அந்த இடம் காலி. வெளியே போய்விட்டான். நான் கடைசி வகிட்டை எடுத்துப் பூசினேன். வேறு என்ன செய்ய, பாதித் தலையோடு விட முடியாது.

காய்கிற வரைக்கும் அம்மா பக்கெட் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவன் லாரியை எங்காவது நிறுத்தியிருப்பானா, ஓட்டிக்கொண்டேவா கேட்டான், ஓட்டிக்கொண்டே கேட்டிருந்தால், மண் காற்று, அந்தக் கண்ணாடி, ஸ்டியரிங், என்று ஒரு பயம் போய்ப் போய் வந்தது, நான் அதை விரட்டவில்லை, விரட்டினால் அது உட்கார்ந்துகொள்ளும். லைனில் இருந்தவர்கள் போனை வைத்துவிட்டிருப்பார்கள். பெண் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிற்பார்கள், நானும் நிற்பேன். கெட்டது செய்துவிட்டேனோ என்று பார்த்தேன். தெரியவில்லை. நல்லது செய்ததாகவும் தோன்றவில்லை. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி கண் அந்தக் காலி இடத்துக்கே போனது. அம்மாவைக் குழாய்க்குக் கீழே குனிய வைத்து மக்கில் மொண்டு ஊற்றினேன். முதலில் கறுப்பு, அப்புறம் ஊதா மாதிரி, அப்புறம் டீ நிறம். "கண்ணுல போகுதுடி." "மூடிக்கம்மா." அவள் தலை என் கைக்கு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்ததில்லை. தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஊற்றினேன், என் கை தெளியவில்லை, சோப்பு போட்டும் நகத்தைச் சுற்றிக் கறுப்பு அப்படியே. பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்ப் போனை எடுத்தேன்.

தலைக்கு மேலே வெறும் பெரியம்மா என்று மட்டும் இருந்தது. கீழே இருந்த எழுத்து இல்லை. உடம்பில் புடவையும் இல்லை, ஜரிகை ஓடுகிற மஞ்சள் புடவை, மின்மினி கல்யாணத்தன்று அவன் எனக்கு வாங்கிக் கொடுத்தது. சொந்தத்தை வெட்டினால் கொடுத்தது கொடுத்தவனுக்கே போய்விடும், அந்த ஊரில் அப்படி. முதல் நாள் கொடுத்த வெளுத்த கவுனில் பொம்மை உட்கார்ந்திருந்தது. ரூமில் யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தன் மட்டும் "பெரியம்மா துணி தோய்க்கப் போட்டுட்டீங்களா" என்று சிரித்திருந்தான். தாமோதரனிடமிருந்து ஒரு வாய்ஸ். அமுக்கினேன். பின்னால் வண்டி இன்ஜின் நின்றபடி ஓடுகிற சத்தம். அவன் குரல் இறக்கைக்கும் பொறி பறக்கிற ஷூவுக்கும் சம்பந்தமில்லாத குரல், கம்மலாக, மெதுவாக, கடையில் மிச்சக் காசு கேட்கத் தயங்குகிற ஆளின் குரல். "நாந்தான். சொல்லிட்டேன். அம்மா இறந்துட்டாங்க, பொம்பளை யாரும் இல்ல, வந்தா அந்தப் புள்ள தனியாத்தான் இருக்கணும்னு சொல்லிட்டேன். பொண்ணோட அம்மா கலந்துக்கிட்டு சொல்றோம்னு வெச்சுட்டாங்க. வருமோ வராதோ." இன்ஜின். மூச்சு. முடிந்துவிட்டது என்று நினைத்தேன், முடியவில்லை. "உன் மேல கோவமாத்தான் இருக்கு. எவ்வளவு பேசியிருக்கேன். புடவைய திருப்பி எடுத்துக்கிட்டேன், அது அம்மாவுக்குன்னு வாங்கினது." இன்ஜின். தூரத்தில் எவனோ ஹாரன் அடிக்கிறான், இவன் நகர மாட்டேன் என்கிறான். "உன் பேரு என்ன?"

நீ என்கிறான். இவ்வளவு நாளும் நீங்க. என்னை அங்கே ஒருத்தரும் கேட்காத கேள்வி அது, பெரியம்மாவுக்குப் பேர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. சொல்லாமல் விடலாம். வெளியே வந்துவிட்டால் முடிந்தது, திரும்பிப் போனால் மொட்டைத் தலை இன்னும் இலவசம்தான். விரல் நுனி இன்னும் ஈரம், திரை ஒரு தடவைக்கு ஏற்கவில்லை, துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். சிந்துஜா. அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள், கறுகறுவென்று ஒரு முடிக்கற்றை துண்டை விட்டு வெளியே வந்து சொட்டிக்கொண்டிருந்தது. "யாருக்குடி உன்ற பேரச் சொல்ற?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். அது நிஜம். அனுப்பினேன்.